கதகளி முகம்: அணியறையில் எதைப் பார்க்க வேண்டும்

கொச்சிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பலர் ஃபோர்ட் கொச்சியில் ஒரு கதகளி பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனால் ஒப்பனை நடப்பதையும் பார்க்கலாம். அந்த நேரத்தைச் செல்ஃபியில் கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. எதற்காக எந்தக் கோடு போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், பிறகு மேடையில் நடப்பது பாதிக்கு மேல் தானாகவே புரியும். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். கதகளி மின்விளக்குக்காக உருவான கலை இல்லை. இரவு முழுக்க, கோயில் மைதானத்தில், ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு வெண்கலக் களிவிளக்கின் வெளிச்சத்தில் ஆடியது. மஞ்சளாக அசையும் அந்தச் சுடரில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நடிகரின் புருவம் துடிப்பது தெரிய வேண்டும். முகத்தில் பூசும் ஒவ்வொரு நிறமும் இந்தத் தேவைக்குக் கட்டுப்பட்டது.

நிறங்களின் இலக்கணம் கதகளியைவிடப் பழையது. 17-ஆம் நூற்றாண்டில் கொட்டாரக்கரைத் தம்புரான், கதகளிக்கு முன்னோடியான இராமனாட்டத்தைத் தொடங்கியபோது, கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் பச்சை, கத்தி, பழுப்பு, கரி என்ற வேஷ வகைகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பின்னால் வந்த வெட்டத்து ராஜா, கப்ளிங்ஙாட்டு நம்பூதிரி போன்றவர்கள் ஆட்டத்தோடு வேஷத்தையும் சீர்திருத்தினார்கள். 1930-இல் மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் இன்று நடிப்பு, பாட்டு, செண்டை, மத்தளம் போல ஒப்பனையும் ஒரு தனிப் படிப்பு. பல ஆண்டுகள் அதை மட்டுமே படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அணியறையில், அதாவது ஒப்பனை அறையில், நடிகரின் தலைமாட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள்.

சரக்குக்கு வருவோம். மஞ்சளுக்கு மனயோலா. நம் சித்த மருத்துவத்தில் அரிதாரம், தாளகம் என்று சொல்லும் அதே கல், ஆர்செனிக் சல்ஃபைடு. சிவப்புக்குச் சாயில்யம், அதாவது நம் சாதிலிங்கம். கறுப்புக்கு நல்லெண்ணெய் விளக்கின் புகையைப் பிடித்துச் செய்த மை. மனயோலாவோடு கொஞ்சம் நீலம் சேர்த்தால் பச்சை. மனயோலாவோடு துளி சாயில்யம் சேர்த்தால் பெண் வேஷத்துக்கான பொன்னிறம். எல்லாவற்றையும் குழைப்பது தேங்காய் எண்ணெயில்.

இதில் பாதி வேலை அரைப்பதுதான். கல்லை மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் ஒரு துகள்கூட நெருடக் கூடாது. அரைப்பு கரகரவென்று இருந்தால் இரண்டு கெடுதல்: தோலைப் பிராண்டும், பூச்சு திட்டுத் திட்டாக நிற்கும். எண்ணெய் கூடிப் போனால் வேறு சிக்கல். ஆட ஆட வியர்வை ஊறும், பச்சை இளகிக் கழுத்துக்கு வழியும், கண்ணோரத்து மை கன்னத்தில் இறங்கும். குறைந்தால் பூச்சு இழுபடும், சிரித்தால் வாயோரத்தில் வெடிக்கும்.

அணியறையில் முதலில் நடப்பது தேப்பு. நடிகர் பாயில் உட்கார்ந்து, கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தென்னை ஈர்க்கால் தன் முகத்தில் தானே எல்லைக் கோடுகளைப் போடுகிறார். நெற்றியில் நாமம், புருவம், கண், பிறகு காதோரத்திலிருந்து தாடை வழியாக மோவாய் வரை இறங்கும் கோடு. இந்தத் தாடைக் கோட்டைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் முக அமைப்பு வேறு. ஒல்லி முகத்துக்குக் கோட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளுவார்கள், அகன்ற முகத்துக்கு உள்ளே வாங்குவார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப் போகவில்லை என்றால் இராத்திரி முழுக்க இராமனுக்கு வாய் கோணியது போலவே தெரியும்.

அடுத்தது சுட்டி. என் கணக்கில் கதகளி ஒப்பனையின் உயிரே இதுதான். நடிகர் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். சுட்டிக் கலைஞர், ஊறவைத்து மைய அரைத்த பச்சரிசி மாவில் சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்து, தாடைக் கோட்டின் மேல் வரம்பு போல வைக்கிறார். சுண்ணாம்பின் அளவு கைப்பழக்கத்தில் வருவது. கூடினால் தோல் வெந்துவிடும். குறைந்தால் மாவு பிடிக்காமல் காய்ந்ததும் உதிரும். சுட்டி வரும் இடத்தில் எண்ணெய்ப் பூச்சு படக் கூடாது, பட்டால் மாவு ஒட்டாது. ஒரு வரி காய்ந்தபின் அடுத்த வரி. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் மொத்தமாக நழுவும்.

முன்பெல்லாம் அந்த வெள்ளை விளிம்பு முழுவதையும் மாவிலேயே அடுக்கடுக்காக எழுப்பினார்கள். இப்போது கெட்டியான வெள்ளைக் காகிதத்தைப் பிறை போல வெட்டி, மாவு வரம்பில் பதித்து நிறுத்துகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டில் வந்த இந்த மாற்றத்தால் வேலை நேரம் குறைந்தது, விளிம்பும் அகலமானது. பழைய மாவுச் சுட்டிக்கு ஒரு கனம் இருந்தது என்று வருந்துகிறவர்கள் உண்டு. காகிதத்தின் கூர்மையான விளிம்பு தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடிகர்கள் பலர் இதற்குள் தூங்கியும் விடுவார்கள். அதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். விடிய விடிய ஆட வேண்டியவருக்குக் கிடைக்கும் ஓய்வு அது. அதோடு, முகம் அசையாமல் இருந்தால்தான் மாவு வெடிக்காமல் காயும்.

சுட்டி எதற்கு? நெருங்கிப் பார்த்தால் முகத்துக்குச் சட்டம் போட்டதுபோல் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முகம் பெரிதாகத் தெரியும். விளக்கொளி அந்த வெள்ளை விளிம்பில் பட்டுத் தெறிக்க, நடுவில் கன்னமும் உதடும் இமையும் அசைவது தனியே எடுத்துக் காட்டும். தலையில் பெரிய கிரீடம், இடுப்பில் பந்தாக விரிந்த உடை, இவற்றுக்கு நடுவில் முகம் தொலைந்து போகாமல் இருப்பதும் சுட்டியால்தான்.

நடிகர் எழுந்ததும் மீதியை அவரே நிரப்புகிறார். பச்சை என்றால் கன்னம் முழுக்கப் பச்சை, கண்ணிலிருந்து காது வரை நீளும் கறுப்பு மை, சிவந்த உதடு. இராமன், நளன், அர்ஜுனன், தருமன் எல்லாரும் பச்சை. பலராமனும் சிவனும் பழுப்பு, அதாவது கனிந்த செம்மஞ்சள். அனுமனுக்கு வெள்ளைத்தாடி. அவர் முகத்தில் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு, மூக்கில் பச்சை, நடுநடுவே நுணுக்கமான வெள்ளைக் கோடுகள். துச்சாதனன், பகாசுரன் போன்றவர்களுக்குச் சிவப்புத்தாடி. வேடனுக்கும், நளனைப் பிடித்த கலிக்கும் கறுப்புத்தாடி. சூர்ப்பணகைக்குக் கரி. பெண்களுக்கும் முனிவர்களுக்கும் மினுக்கு என்ற பொன்னிற ஒப்பனை, அதில் சுட்டி கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது கத்தி வேஷம். இராவணன், துரியோதனன், கீசகன் இதில் வருவார்கள். அடிப்படை பச்சைதான், அதாவது அரச குலம், வீரம், கல்வி எல்லாம் உண்டு. அந்தப் பச்சையின் மேல் மூக்கோரத்திலிருந்து கன்னத்தில் மேலே வளைந்து ஏறும் ஒரு சிவப்புப் பட்டை, முறுக்கிய மீசை மாதிரி, சுற்றிலும் வெள்ளை மாவுக் கரை. மூக்கு நுனியிலும் நெற்றி நடுவிலும் ஒவ்வொரு வெள்ளை உருண்டை, சுட்டிப்பூ. இராவணனை முழுக் கறுப்பாகவோ முழுச் சிவப்பாகவோ பூசியிருக்கலாம். பூசவில்லை. கயிலையைத் தூக்கியவனுக்கு, வீணை மீட்டியவனுக்கு, பெருமையும் ஆணவமும் ஒரே முகத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த அந்தப் பழைய கலைஞர்களை நான் வணங்குகிறேன். பச்சை வேஷம் மேடையில் வாய் திறந்து ஒலி எழுப்பாது. கத்தி வேஷம் எழுப்பும். அந்த உறுமல் கேட்கும்போது அந்த மூக்கு உருண்டையைப் பாருங்கள். கன்னத் தசை இழுபட, சிவப்புப் பட்டை மொத்தமாக மேலே ஏறும்.

ஒரே கதைக்குள் முகம் மாறுவதும் உண்டு. ‘துரியோதன வதம்’ என்ற ஆட்டத்தில் பச்சையாக இருந்த பீமன், துச்சாதனனின் நெஞ்சைப் பிளக்க வரும்போது ரௌத்திர பீமனாக வேறு முகத்தோடு வருவான்.

கடைசியாகக் கண். சுண்டை இனத்துச் செடியின் பூவிலிருந்து சூலகத்தை மட்டும் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளையாக இருந்தது கறுத்து மிளகைவிடச் சிறியதாகும். கிரீடம் வைப்பதற்குச் சற்று முன் அதைக் கீழ் இமைக்குள் இட்டு, கண்ணை மூடி விழியைச் சுழற்ற வேண்டும். சில நிமிடங்களில் வெண்விழி சிவக்கும், சில மணி நேரம் அப்படியே நிற்கும். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் வெள்ளை விழி வெறுமனே பளிச்சிடும். சிவந்த விழிதான் பார்வை எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும். சரியாக உருட்டாமல் இட்டால் உள்ளே பிரிந்து உறுத்தும், கண்ணீர் வடிந்து மை கரையும். இந்த நேரத்தில் தயவுசெய்து நடிகரின் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் சுட்டியை மெல்ல உரித்தெடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைப்பார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய்ச் சாயம் போகாது, முகம் முழுக்கப் பரவும்.

பள்ளி ஆண்டுவிழாவில் குழந்தைக்குக் கதகளி வேஷம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டு மருந்துக் கடையில் அரிதாரமும் சாதிலிங்கமும் வாங்கிப் பூசவே பூசாதீர்கள். முன்னதில் ஆர்செனிக், பின்னதில் பாதரசம். பெரிய கலைஞர்கள் பழகிப் பூசுகிறார்கள் என்பதால் அவை சாதுவாகிவிடாது. சுண்ணாம்பும் வேண்டாம், கண்ணில் எதையும் இட வேண்டாம். குழந்தைகளுக்கான முகச்சாயம் கடைகளில் கிடைக்கிறது. முதல் நாளே கையில் ஒரு பொட்டு வைத்து அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சார்ட் காகிதத்தைத் தாடை அளவுக்குப் பிறை போல வெட்டி, தோலில் ஒட்டாமல், இரு முனையிலும் எலாஸ்டிக் கட்டிக் காதில் மாட்டினால் சுட்டி வந்துவிடும். காகிதத்தின் உள்விளிம்பை மெல்லிய துணியால் மடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் ஆடும்போது மோவாயை அறுக்கும்.