குடும்பத்துடன் கிரேக்கத் தீவுகளுக்கு: எங்கள் கப்பல் பயணத் திட்டம்

குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஏஜியன் கடலின் சிக்லடீஸ் தீவுகளுக்குச் செல்லத் திட்டமிடும்போது, எத்தனை தீவுகளைப் பார்க்கலாம் என்பதைவிட, எத்தனை முறை பெட்டிகளைக் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று கணக்கிடுவதே முக்கியம் எனக் கருதுகிறேன். ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேறி, அருகருகே உள்ள பாரோஸ், நக்சோஸ் ஆகிய இரண்டு தீவுகளோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். அதே தீவுக்கூட்டத்தில் உள்ள சாண்டோரினித் தீவை விட்டுவிடுவதில் மகளுக்கு மட்டும் வருத்தம்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று வலுத்தால் கப்பல்கள் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கப்படுவதுண்டு என்பதாலும், அத்தகைய நாட்களில் சிறிய விரைவுப் படகுகளே முதலில் ரத்தாகும் என்பதாலும், நேரம் கூடினாலும் மேல்தளத்தில் நடமாட இடமுள்ள பெரிய கப்பலையே தேர்ந்தெடுத்தோம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸிலேயே கழிப்பதாக ஏற்பாடு.