அண்ணன் குதிப்பான், நான் பார்ப்பேன்

அண்ணனும் நானும் நீச்சல் கற்றது ஒரே வாய்க்காலில். வீரவநல்லூர்ப் பக்கம் ஓடும் கன்னடியன் கால்வாய். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து பிரிந்து வருவது. அத்தைதான் வாத்தியார். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவாள். கொஞ்ச நாள் போனதும், சொல்லாமலே குடுக்கையை அவிழ்த்துவிட்டாள்.

எங்கள் விளையாட்டுக்குக் காலண்டரே அந்த வாய்க்கால்தான். ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வந்தால் பாலத்திலிருந்து குதிக்கலாம். பிசான நெல் அறுப்பு முடிந்து தண்ணீரை அடைத்துவிட்டால், தேங்கிய குட்டையில் துண்டை விரித்து அயிரையும் கெண்டையும் அரிக்கலாம். அயிரை குழம்புக்கு, கெண்டை பூனைக்கு.

அப்புறம் நான் வயதுக்கு வந்தேன். யாரும் அதட்டவில்லை. "இனிமே விடியக்காலம் எங்க கூட வந்து குளிச்சிட்டு வந்துரு" என்றாள் ஆச்சி, அவ்வளவுதான். குளிக்கலாம், குதிக்கக் கூடாது. அண்ணன் கல்லூரி முடிக்கும்வரை அதே பாலத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். நான் படித்துறையில் துணி அலசினேன்.

மீன்கொத்தியைக் கவனிக்க ஆரம்பித்தது அங்கேதான். நெஞ்சு வெளுத்த நீல மீன்கொத்தி கரண்டுக் கம்பியில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி வேறு ரகம். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, சட்டென்று தலைகீழாக விழும். அதைத் தடுக்க ஆச்சி கிடையாது.

"சின்ன வயசுல ஆத்துல கெடந்தவங்கதான் பெரியவங்களாகியும் வெளிய சுத்துவாங்க" என்று அடிக்கடி காதில் விழுகிறது. பாதி சரி. எத்தனை வயதுவரை கிடக்க விட்டார்கள் என்றும் கேட்க வேண்டாமா? அண்ணன் ஐம்பதை நெருங்குகிறான். இன்றும் லீவு விட்டால் மணிமுத்தாறு, இல்லாவிட்டால் குற்றாலம். தண்ணீரைக் கண்டதும் சட்டையைக் கழற்றிவிடுவான். மதினி டவலையும் டிபன் பாக்ஸையும் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள்.

என்னோடு படித்தவர்களில் பலருக்கு வெளியே போவது என்றால் கோயில்தான். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு, அதுவும் ராத்திரியில், நடந்து முடிப்பவர்கள் அவர்கள். சாமி பெயரைச் சொன்னால் வீட்டில் மறுப்பு வராது என்று அவர்களுக்குத் தெரியும். அதை யாரும் ட்ரெக்கிங் என்று சொல்வதில்லை. ட்ரெக்கிங் என்றால் ஷூ வேண்டும் போலிருக்கிறது.

எனக்குச் சனிக்கிழமை காலையில் பள்ளிக்கரணை. மேடவாக்கத்தில் வீடு என்பதால் பக்கம். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம் என்று பெருமையாகச் சொல்லலாம். போய் நின்றால் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. சதுப்பையே குறுக்கே வெட்டிக்கொண்டு துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை. லாரி இரைச்சலுக்கு நடுவே, கோரைக்குள் நீலத் தாழைக்கோழி தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்தே போகிறோம். தனியாக நின்றால், பைனாகுலரை எதன் பக்கம் திருப்பினாலும் யாராவது வந்து விசாரிப்பார்கள்.

எனக்குப் பிடித்தது நீளவால் இலைக்கோழி. மிதக்கும் இலைகள் மேல் நடக்க ஏற்ற நீள நீள விரல்கள். முட்டையிடுவதோடு பெட்டையின் வேலை முடிந்தது; அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். பெட்டை அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். இதை மதினியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

நீச்சல் மறந்துவிடவில்லை. எங்கள் அடுக்குமாடியிலேயே குளம் இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய நேரம் வேலை நாளில் காலை பதினோரு மணி. சரி, விடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரிய வித்தையெல்லாம் வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று குறித்து ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வாய்க்கால் கரையிலேயே செய்யலாம், ஜனவரியில் பிசானத்துக்குத் தண்ணீர் ஓடும். "கொக்கையும் நாரையையும் பாக்கதுக்கா இவ்வளவு காலைல கெளம்புத?" என்று அம்மா கேட்பாள், கேட்கட்டும். இந்தத் தடவை மதினியும் வருகிறேன் என்கிறாள். என்னிடம் ஒரு பைனாகுலர்தான் இருக்கிறது. பழசு யாராவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள், 8×42 என்றால் நல்லது.