பத்து லட்சம் பக்கம் எடுக்க எந்த ப்ராக்ஸி?

இணையதளப் பக்கங்களை ஸ்கிரிப்ட் மூலம் மொத்தமாக எடுக்கும்போது, நம் கோரிக்கையை வேறொரு ஐபி முகவரியிலிருந்து அனுப்பித் தரும் இடைநிலை சர்வர்தான் ப்ராக்ஸி. அதற்குப் பணம் கட்டும் முன் அது இல்லாமலேயே நம் சர்வரிலிருந்து 500 பக்கங்களை நொடிக்கு ஒன்று வீதம் எடுத்து, வந்த பதில்களை எண்ணிவிடுவோம். 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) என்றால் வேகம்தான் கோளாறு. பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் சொல்லும் நேரம் பொறுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் கோரிக்கைக்கே 403 (அனுமதி இல்லை) வந்தால், அதே ஸ்கிரிப்டை வீட்டு இணைப்பில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் 403 என்றால் ஐபியை மாற்றிப் பெரிதாகப் பயனில்லை. கோரிக்கையோடு போகும் ஹெட்டர்களையோ டிஎல்எஸ் கைரேகையையோ (மறைகுறி இணைப்பைத் தொடங்கும் விதத்தில் தெரியும் அடையாளம்) பார்த்துத்தான் பெரும்பாலும் தளம் தடுக்கிறது.

வீட்டில் ஓடி சர்வரில் ஓடவில்லையா? டேட்டா சென்டர் சர்வர்களின் ஐபியைத் தரும் டேட்டா சென்டர் ப்ராக்ஸி அந்தத் தளத்துக்கு எடுபடுவது கடினம். அதன் ஐபி ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருப்பதால் எளிதாகத் தெரிந்துவிடும். தடுக்காத தளங்களுக்கு அதுவே போதும், வேகமும் மலிவும் அதில்தான். ஆனால் வாங்கும்போது எத்தனை சப்நெட் (அடுத்தடுத்த ஐபிகளின் தொகுதி) என்று கட்டாயம் கேளுங்கள். 200 ஐபியும் ஒரே /24-க்குள் (256 ஐபி கொண்ட தொகுதி) இருந்தால், தளம் போடும் ஒரே தடை விதியில் அத்தனையும் போய்விடும்.

வீட்டு இணைப்புகளின் ஐபியைத் தரும் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸிக்குப் பெரும்பாலும் ஜிபி கணக்கில் கட்டணம். இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எச்டிஎம்எல் மட்டும் 100 கேபி என்றால் பத்து லட்சம் பக்கத்துக்கு 100 ஜிபி. அதையே பிரவுசரில் திறந்து, படமும் ஃபான்ட்டும் சேர்ந்து 2 எம்பி ஆனால் 2,000 ஜிபி! முதல் வேலையாக அவற்றை பிளாக் செய்யுங்கள். அந்த வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு ஐபி பெறப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள். அதில் மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது வகை, மொபைல் ப்ராக்ஸி. மொபைல் ஐபி ஒன்றைப் பல சந்தாதாரர்கள் பகிர்வதால் தளங்கள் அதைத் தடுக்கத் தயங்கும். விலை அதிகம், மற்றவை தோற்ற பக்கங்களுக்கு மட்டும் போதும்.

லாகின் உள்ள இடத்தில் கோரிக்கைக்கு ஒரு ஐபி என்று மாற்றினால் செஷன் அறுந்துவிடும். அங்கே ஸ்டிக்கி செஷன், அதாவது சிறிது நேரம் ஒரே ஐபியில் நீடிக்கும் வசதி வேண்டும்.

சாக்ஸ்5 (SOCKS5) என்ற ப்ராக்ஸி நெறிமுறையைப் பயன்படுத்தினால் ப்ராக்ஸி முகவரியை 'சாக்ஸ்5எச்' (socks5h://) என்று தொடங்குங்கள். கர்ல், பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் இரண்டிலும் அந்த 'எச்' இல்லாவிட்டால் டிஎன்எஸ் தேடல் (தளத்தின் பெயருக்கு ஐபி கண்டுபிடிப்பது) ப்ராக்ஸியில் நடக்காமல் உங்கள் கணினியிலேயே நடக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, 200 (வெற்றி) என்ற ஸ்டேட்டஸோடு வரும் கேப்சா பக்கம், அதாவது 'நீங்கள் மனிதரா' என்று சோதிக்கும் பக்கம். ஸ்டேட்டஸை மட்டும் நம்பினால் அது வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். விலை, தலைப்பு போன்ற ஒரு புலம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேமியுங்கள். 100 கேபி வரவேண்டிய இடத்தில் 6 கேபி வந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள்.