பந்தை நகர்த்தியது எது?

கோல்ஃப் நடுவராக வேண்டும் என்று விதிகளைப் படிக்கத் தொடங்கிய நான், ஒன்பதாம் விதிக்கு வந்ததும் அதிலேயே தங்கிவிட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று ஆனி, ஆடி முழுவதும் அடிக்கும் பணகுடிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு, நின்ற பந்து நகர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கூறும் விதி மற்றவற்றைவிட நெருக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து எழுதும் இந்த விதிகள் 2019இல் 34இலிருந்து 24 ஆகக் குறைக்கப்பட்டன. இப்போது நடைமுறையில் இருப்பது 2023 ஜனவரியில் வந்த பதிப்பு. எண்ணிக்கை குறைந்தாலும் படிப்பு எளிதாகிவிடவில்லை.

பந்து நகர்ந்தால் நடுவர் முதலில் கேட்க வேண்டியது, நகர்த்தியது எது என்பதுதான். ஆட்டக்காரர், எதிராளி, வெளித் தலையீடு (வேறு ஆளோ விலங்கோ பொருளோ), காற்று போன்ற இயற்கைச் சக்தி என நான்கு காரணங்களை மட்டுமே விதி ஏற்கிறது. முதல் மூன்றில் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல, அது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது குறைந்தது 95 விழுக்காடு உறுதி வேண்டும். அது இல்லையென்றால் இயற்கையே நகர்த்தியதாகக் கொள்ளப்படும். சந்தேகத்தின் பேரில் ஒருவர்மீது அபராத அடி (அவர் கணக்கில் கூடுதலாகச் சேர்க்கப்படும் அடி) விழக்கூடாது என்ற இந்த அக்கறையே என்னை இந்தப் படிப்பில் பிடித்து வைத்திருக்கிறது.

காற்று பந்தைத் தள்ளினால் அபராதம் இல்லை. பந்து போய் நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். அதே காற்று ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிவந்து பந்தின்மேல் மோதி நகர்த்தினால், அந்தப் பை வெளித் தலையீடு ஆகிவிடுவதால், பந்தைப் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். மின்விசிறியின் காற்றும் வெளித் தலையீடுதான். குழியைச் சுற்றியுள்ள, புல் ஒட்ட வெட்டிய கிரீனில் ஒருமுறை எடுத்துத் திரும்ப வைத்த பந்தைக் காற்று நகர்த்தினாலோ, அதையும் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

2019ஆம் ஆண்டு ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியின் கடைசிச் சுற்றில், அமெரிக்க ஆட்டக்காரர் ரிக்கி ஃபவுலர் விதிப்படி சரிவில் வைத்த பந்து, அவர் கிரீனைப் பார்க்கப் போயிருந்தபோது தானாக உருண்டு தண்ணீரில் விழுந்தது. அவர் தொடவில்லை, ஆனாலும் பந்து போய் நின்ற இடமே அதன் இடம் என்று அன்றைய விதி கூறியதால், பந்தைத் தண்ணீருக்கு வெளியே வைத்து ஆட ஓர் அபராத அடியை ஏற்க வேண்டியிருந்தது. போட்டியை அவர் வென்றுவிட்டார் என்றாலும், அந்த முடிவு நியாயமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2023 பதிப்பில் இது திருத்தப்பட்டிருக்கிறது: விதிப்படி போட்ட அல்லது வைத்த பந்து நின்றபின், இயற்கையால் நகர்ந்து மைதானத்தின் வேறொரு பகுதிக்கோ எல்லைக்கு வெளியிலோ போனால், அபராதமின்றிப் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

விதிகளுக்கான முதல் நிலைத் தேர்வை இணையத்திலேயே எழுதிவிடலாம். ஆனால் இவற்றையெல்லாம் நேரில் பார்த்துப் பழக மைதானம் வேண்டும் என்பதால், திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள கோல்ஃப் மைதானத்துக்குப் போய்வருகிறேன். அங்கே ஆடுகிறவர்களிடம் அனுமதி பெற்று, பந்து நகரும்போதெல்லாம் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதை முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன்பிறகே விதிப் புத்தகத்தைத் திறக்கிறேன்.