கம்பியே இல்லாத மாடி

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி மாடி போய்விட்டது, மீதி தன் வயிற்றைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

மெட்ராஸ் டெரஸ்! கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் போட்ட அந்தக் காலத்து மாடித் தளம்.

தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, கோணல்வாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், தட்டுகிற கட்டை துள்ளித் திரும்பும்வரை. கடைசியில் அதன்மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள்.

"மேல இருக்கிற தளம் இறங்கவே மாட்டேங்குது சார், தேக்குக் கட்டை முனைதான் உளுத்துப்போச்சு" என்றார் உடைக்கிறவர்.

அதுதான் இதன் பலவீனம். கட்டை சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் ஏறினால் கரையானுக்குக் கொண்டாட்டம்.

கான்கிரீட் வந்த பிறகும் அந்த ஜல்லி சுண்ணாம்பை நம் ஊர் விடவில்லை, வெயில் இறங்காமலிருக்கத் தளத்துக்கு மேல் சுருக்கி என்று போட்டுக்கொண்டுதான் இருந்தோம். இப்போது அதற்குப் பதில் வெள்ளை பெயின்ட். சரி, வெயிலைத் திருப்பும்தான், ஆனால் சென்னைத் தூசியில் எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? சுருக்கிக்குச் செலவும் எடையும் அதிகம். இருந்தாலும் மே மாதம் மேல்மாடியில் படுக்கிறவன் நான், என் ஓட்டு சுருக்கிக்குத்தான்.