புதுவையிலும் கடலூரிலும் ஒரு குடும்ப நாவலை வாசகரிடம் சேர்ப்பது

புத்தகம் கைக்கு வராமல் வெளியீட்டு விழா மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். அச்சகம் சொல்லும் தேதியோடு பத்து நாளாவது கூட்டிக்கொண்டுதான் விழா நாளைக் குறிக்க வேண்டும். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம் ஒரு பாரம்; டெம்மி அளவில் 240 பக்க நாவல் என்றால் 15 பாரம். பெட்டியைப் பிரித்ததும் மேலிருந்து நான்கு, நடுவிலிருந்து நான்கு, அடியிலிருந்து நான்கு பிரதிகளை உருவி, பாரம் முடிந்து அடுத்தது தொடங்கும் 16–17, 32–33, 48–49 ஆகிய இடங்களில் பக்க எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஒரே பாரம் இரண்டு முறை சேர்ந்து அடுத்தது விடுபட்டுப் போவது இன்றும் நடக்கிறது. குடும்பக் கதையில் அந்தப் பதினாறு பக்கத்துக்குள்தான் தாத்தா செத்திருப்பார்.

ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் விழா வைத்தால் மழையோடு சூதாட வேண்டியிருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் என்று இரண்டு புயல்கள் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். வீட்டில் இருக்கும் பிரதிகளைத் தரையில் வைக்காமல் பெஞ்சு மேலோ பரண் மேலோ ஏற்றுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பரில் அச்சகங்களில் நெரிசல் வேறு. ஆனி, ஆடி வசதியானவை. ஆடியில் கல்யாணங்கள் குறைவு, மண்டபமும் கிடைக்கும், ஆட்களும் வருவார்கள். புதுவையில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. வெளியூர்ப் பேச்சாளருக்கு அறை கிடைப்பது கஷ்டம்.

விழாவின் பெரிய ஆபத்து பேச்சாளர்தான். புத்தகம் விழாவுக்கு முந்தின நாள் கைக்கு வந்தால் அவர் உங்கள் நட்பைப் பற்றிப் பேசுவார். மூன்று வாரம் முன்பே வந்தால் கதை முழுவதையும் சொல்லிவிடுவார். முடிவு வரை கேட்டவர் எதற்காக 300 ரூபாய் கொடுப்பார்? அதனால் பிரதியோடு ஒரு தாளும் போக வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் நாவலின் குடும்ப மரம், யார் யாருக்கு என்ன உறவு என்று. பெரிய அத்தையையும் சின்ன அத்தையையும் மேடையில் மாற்றிச் சொன்னால் புத்தகம் வாங்காதவருக்கும் குழப்பம்தான். மறுபக்கத்தில் அவர் பேச வேண்டியது எது என்ற குறிப்பு: ஒருவருக்கு மொழி, ஒருவருக்குப் பெண் பாத்திரங்கள், ஒருவருக்கு வீடும் ஊரும். எந்த அத்தியாயத்தைத் தாண்டிக் கதை சொல்லக் கூடாது என்பதையும் அதில் எழுதிவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேலை குறைந்தது என்று மகிழ்பவர்களே அதிகம்.

மூன்று பேர், ஆளுக்கு 12 நிமிடம், ஏற்புரை 10 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டால் ஆறரைக்குத்தான் தொடங்கும். எட்டு மணி ஆனதும் கடலூர்க்காரர்கள் கடிகாரம் பார்ப்பார்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டி அவர்கள் ஊர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். பொன்னாடை வரிசையை வெட்டினாலே கால் மணி நேரம் மிச்சம்.

விற்பனை மேசை வாசலோரம் இருக்கட்டும். முதல் பிரதி கொடுத்த அடுத்த கால் மணி நேரம்தான் விற்பனை சூடு பிடிக்கும். நன்றியுரை முடிந்த பிறகு என்று காத்திருந்தால் பாதிப் பேர் போயிருப்பார்கள். பத்து சதவீதக் கழிவு போட்டு 270 என்று வைத்தால் சில்லறைக்கு அல்லாட வேண்டும். விழா விலை 250 என்றால் கை வேகமாக ஓடும். ஜிபே அட்டை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு ஜெல் பேனா கூடாது, மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பெயரைத் துண்டுத்தாளில் வாங்கி எழுதுங்கள். ‘ன’வா ‘ண’வா என்பதில் தப்பினால் ஒரு பிரதி வீண்.

குடும்ப நாவல் எழுதியவரை எல்லோரும் கேட்கும் கேள்வி, “இது யாரு கதை?” வாசகர் கேட்டால் சமாளிக்கலாம், சித்தப்பா கேட்டால்தான் சிக்கல். “யாவும் கற்பனை” என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உறவுக்காரரிடமும் அது எடுபடாது, அவதூறு வழக்கிலும் அந்த ஒரு வரி மட்டும் காப்பாற்றாது. அச்சுக்குப் போகும் முன் தெருப்பெயர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றில் இரண்டையாவது மாற்றியிருக்க வேண்டும். புண்படக்கூடிய ஒருவர் இருந்தால் விழாவுக்கு முன்பே நேரில் போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மேடையில் முதல் பிரதி வாங்க அவரை மட்டும் அழைக்காதீர்கள். ஏற்புரையில் “என் அம்மா பட்டதைத்தான் எழுதினேன்” என்று உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரி சொன்னால் இத்தனை முன்னேற்பாடும் பாழ்.

இரண்டு ஊர் வாசகரும் ஒரே மாதிரி இல்லை. புதுவைக் கூட்டத்தில் சொல்தா வீட்டுப் பெரியவர், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பத்துக்காரர், ஒருவராவது இருப்பார். பாகப்பிரிவினைக் காட்சியில் நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதியும் பிரெஞ்சு முறை அதிகாரி) என்ன செய்வார் என்று எழுதியதை அவர் வரி வரியாகப் பார்த்திருப்பார். பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1; சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தொடங்கியது இரண்டாவது தேதியிலிருந்து. நாவலில் இதைக் குழப்பியிருந்தால் கேள்வி நேரத்தில் எழுந்துவிடுவார். மழுப்பாமல் ஒப்புக்கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு இலவசப் பிழைதிருத்தம். கடலூரில் இந்தத் தேதிகளைக் கேட்க மாட்டார்கள். சுனாமி எப்போது வந்தது, ஓ.டி. என்கிற பழைய நகரத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு எந்த வழியாகப் போவார்கள் என்பதில் பிடிப்பார்கள்.

நூல்களைப் பொது நூலகங்களுக்குக் கொடுப்பது பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஆளுக்கொரு பிரதி போக வேண்டும். அது பதிப்பாளர் வேலை. அனுப்பினாரா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மதிப்புரைக்கு ஐம்பது பிரதி வாரி இறைப்பதை விட, படிப்பார் என்று தெரிந்த பதினைந்து பேருக்கு அனுப்பலாம். புத்தகம் அனுப்பவென்று அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. சமூக, பண்பாட்டு நூல்களையும் ஏற்கிறார்கள். அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம் தாளில் 240 பக்க டெம்மி ஏறக்குறைய 270 கிராம் வரும். குமிழ் உறை, மேலே தடித்த கவர், உள்ளே ஒரு கடிதம் என்று சேர்த்தால் 300-ஐத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். மெல்லிய பழுப்புத்தாளில் சுற்றி, கடிதத்தை முதல் பக்கத்திலேயே இரண்டு வரியாக எழுதிவிடுங்கள்.