வீட்ல செஞ்ச ஹெட்ஃபோன் ஆம்ப்ல கொர்ர்னு சத்தம், கண்டுபிடிக்க மூணு வாரம் ஆச்சு

ஆம்ப் (ஹெட்ஃபோனுக்கு வர்ற சிக்னல பெருசாக்கற ஆம்ப்ளிஃபையர்) செஞ்சு முடிச்சு மொத தடவ ஆன் பண்ணி இயர்ஃபோன காதுல வச்சா, பாட்டு போடறதுக்கு முன்னாடியே கொர்ர்ர்ர்னு ஒரு சத்தம். ரெண்டு காதுலயும் ஒரே அளவு. பாட்டு ஓடும்போது அவ்வளவா தெரியல, ஆனா ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு சின்ன அமைதி வருமில்ல, அங்க அது வந்து நிக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கின அப்புறம் நிம்மதியா பாட்டு கேக்கணும்னு தான் இத செஞ்சதே, அதனால அப்படியே விட மனசு வரல.

என்ன போட்டிருந்தேன்னு சொல்லிடறேன். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு வயருக்கு ரெண்டு பக்கமும் 12 வோல்ட்) 500 மில்லிஆம்ப், நாலு 1என்4007 டயோடு (ஏசிய டிசியா மாத்தற பிரிட்ஜ் இந்த நாலும் சேந்தது தான்), 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கப்பாசிட்டர் ரெண்டு, வோல்டேஜ நிலையா பிளஸ் 12, மைனஸ் 12ல வைக்கற ரெகுலேட்டர் 7812, 7912, சிக்னல பெருசாக்கற ஒரு என்இ5532 ஐசி, 10 கே டபுள் வால்யூம் கன்ட்ரோல். கெயின் 5, அதாவது உள்ள வர்றத அஞ்சு மடங்கு பெருசாக்கும். எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நாள்ல வாங்கினது. டாட் போர்டுல சால்டர் பண்ணி ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள வச்சிருந்தேன். இயர்ஃபோன் சொருகறதுக்கு முன்னாடி அவுட்புட்ல டிசி வோல்டேஜ் பாத்துட்டேன், அஞ்சாறு மில்லிவோல்ட் தான் இருந்தது, அது ஓகே. யார் செஞ்சாலும் இத மட்டும் பாக்காம நல்ல ஹெட்ஃபோன சொருகிடாதீங்க.

இப்ப சத்தம். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது நேரா உள்ள வந்தா ஊம்ம்ம்னு மெத்துன்னு இருக்கும், இது அப்படி இல்ல, வண்டு கண்ணாடியில மோதற மாதிரி கரகரன்னு இருந்துச்சு. ஃபோன்ல, சத்தத்துல எந்தெந்த ஹெர்ட்ஸ் இருக்குன்னு காட்டற ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு இயர்ஃபோன மைக் மேல அழுத்தி வச்சு பாத்தேன், 100, 200, 300, 400னு வரிசையா குச்சி குச்சியா நிக்குது. பிரிட்ஜ்ல போய் வந்த கரண்டு ஒரு சைக்கிளுக்கு ரெண்டு தடவ கப்பாசிட்டர நிரப்பும், அதான் 100. அப்போ பவர் சப்ளை தான்னு முடிவு பண்ணி அங்கயே தப்பான வழியில போயிட்டேன்.

1000 மைக்ரோஃபாரட் பத்தலன்னு நெனச்சு 4700 போட்டேன், சத்தம் கொறையல, இன்னும் கூர்மையாச்சு, ஏன்னு அப்ப புரியல. ஐசி பேஸ்ல இருந்து என்இ5532வ எடுத்துட்டு ஓபிஏ2134ன்னு வேற ஐசி போட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. இன்புட் வயர, வெளி இரைச்சல் நுழையாம மேல கம்பி வலை சுத்தின ஷீல்டு வயரா மாத்தினேன், அதுவும் இல்ல. வால்யூம சுத்தமா கொறச்சாலும் அதே கொர்ர் அதே அளவுல இருந்தது, அப்போ அது வால்யூமுக்கு முன்னாடி இருந்து வரலன்னு அர்த்தம், அத அன்னைக்கே கவனிச்சிருந்தா ஷீல்டு வயர் வேலையே மிச்சம்.

ரெண்டாவது வாரம் தான் உருப்படியா ஒண்ணு பண்ணேன். சப்ளைய மொத்தமா கழட்டிட்டு ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வச்சு ஓட்டினேன். சுத்தமா அமைதி, காதுல ஒண்ணுமே இல்ல, ஆன்ல இருக்கான்னு சந்தேகம் வந்து பாட்டு போட்டு பாத்தேன், ஓடுது. அப்படியே பேட்டரில ஓடும்போதே டிரான்ஸ்ஃபார்மர பக்கத்துல வச்சு கரண்டு குடுத்தேன், அப்பவும் அமைதி, அதனால டிரான்ஸ்ஃபார்மரோட காந்தம் இல்ல. சரி 7812 போயிடுச்சு போலன்னு மீட்டர ஏசி மில்லிவோல்ட்ல வச்சு அவுட்புட்ட பாத்தா கிட்டத்தட்ட சைபர். சப்ளையும் சுத்தம், ஆம்பும் சுத்தம், ரெண்டையும் சேத்தா கொர்ர். ரெண்டு நாள் இதோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

எங்க தெருவுல மைக் செட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு. போர்ட எடுத்துட்டு போனேன். அவரு ஆன் பண்ணி கூட பாக்கல, திருப்பி பின்பக்கம் பாத்துட்டு, "தம்பி, கிரவுண்டு எங்க எடுத்த?"ன்னாரு.

"பெரிய கப்பாசிட்டர் கால்ல இருந்துண்ணே, எல்லாம் ஒரே கிரவுண்டு தானே."

"எந்த கண்டென்சர் கால்ல?"

கண்டென்சர்னு அவரு சொல்றது கப்பாசிட்டர தான், கிரவுண்டுன்னா சர்க்யூட்டோட சைபர் வோல்ட் புள்ளி. இன்புட்டோட கிரவுண்டு பிளஸ் பக்க கப்பாசிட்டர் கால்லயும், ஐசி தன்னோட அவுட்புட்ட ஒப்பிட்டு பாக்கற ஃபீட்பேக் கிரவுண்டும் ஹெட்ஃபோன் ஜாக் கிரவுண்டும் மைனஸ் பக்க கப்பாசிட்டர் கால்லயும் இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஏழெட்டு சென்டிமீட்டர் வயரு, எது கிட்ட இருந்துச்சோ அங்க சால்டர் பண்ணது தான். "இந்த ரெண்டு கண்டென்சரும் சேர்ற வயர்ல தான் கரண்டு குதிச்சு குதிச்சு ஓடும், அதுல நீ வேற எதையும் கட்டக் கூடாது தம்பி"ன்னாரு. எனக்கு அப்ப தான் மொத்தமா வெளங்கிச்சு.

ஆம்ப் எடுக்கறது என்னமோ சராசரியா கொஞ்ச மில்லிஆம்ப் தான், ஆனா டயோடு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் தான் திறக்கும், அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள முழு கரண்டும் பாஞ்சு போகணும், அதனால அந்த வயர்ல சராசரிய விட பல மடங்கு துடிப்பு ஓடுது. வயருக்கு சில மில்லிஓம் இருக்கும், பெருக்கி பாத்தா ஒரு மில்லிவோல்ட் கிட்ட வரலாம். ஐசிக்கு இன்புட் கிரவுண்டும் ஃபீட்பேக் கிரவுண்டும் வேற வேறன்னா அந்த வித்தியாசமும் ஒரு சிக்னல் தான், அதையும் அஞ்சு மடங்கு பெருசாக்கி காதுக்கு அனுப்பிடும். 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள இயர்ஃபோனுக்கு அவுட்புட்ல 1 மில்லிவோல்ட் வந்தாலே 55 டெசிபல் கிட்ட ஆகுது, ராத்திரி அமைதியான ரூம்ல அது எவ்வளவு கேக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பெரிய கப்பாசிட்டர் போட்டா துடிப்பு இன்னும் குறுகி உசரமாகும், 4700 போட்டப்ப சத்தம் கூர்மையானது அதனால தான். மீட்டர் ஏன் காட்டலன்னா நான் 7812 கிரவுண்டு காலுக்கும் அவுட்புட் காலுக்கும் நடுவுல தான் அளந்தேன், கெட்டது இருந்த எடத்துல குச்சியவே வைக்கல.

மாத்தினது இது தான். டிரான்ஸ்ஃபார்மர் நடு வயரும் ரெண்டு கப்பாசிட்டர் காலும் மொதல்ல தங்களுக்குள்ள ஒண்ணா சேரும். அந்த எடத்துல இருந்து ஒரே ஒரு வயர் வெளிய வந்து ஒரு புள்ளில முடியும். 7812 கிரவுண்டு, 7912 கிரவுண்டு, இன்புட், ஃபீட்பேக், ஹெட்ஃபோன் ஜாக் எல்லாம் அந்த புள்ளிக்கு தனித்தனி வயர்ல வரும். இருபது நிமிஷ வேலை. ஆன் பண்ணேன், கொர்ர் இல்ல. வால்யூம் சைபர்ல பேட்டரில கேட்ட அதே அமைதி. கண்ண மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா அந்த அமைதியவே கேட்டுட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் அதுக்கு அடியில மறைஞ்சிருந்த இன்னொண்ணு வெளிய வந்துச்சு. வால்யூம பாதிக்கு வச்சா மெல்லிசா ஊம்ம்ம், கடைசிக்கு திருப்பினா கொறையுது, குமிழோட இரும்பு தண்ட தொட்டா சட்டுனு நிக்குது. தொட்டா நின்னா அந்த வால்யூம் கன்ட்ரோலோட உலோக உடம்பு கிரவுண்டுல இல்லன்னு அர்த்தம். நடுவுல வைக்கும்போது தான் 10 கே கன்ட்ரோலோட எதிர்ப்பு ஐசிக்கு அதிகமா தெரியும், சுத்தி இருக்கற 230 வோல்ட்டோட மின்புலத்த அப்ப தான் நல்லா பிடிக்குது. வால்யூம் கன்ட்ரோல் முதுகுல கொஞ்சம் சுரண்டிட்டு ஒரு வயர சால்டர் பண்ணி கிரவுண்டு புள்ளிக்கு கொண்டு போனேன், பிளாஸ்டிக் டப்பாவ தூக்கிட்டு அலுமினியம் பெட்டிக்கு மாத்தினேன். உள்ள 230 வோல்ட் வர்றதால பெட்டிய மூணு பின் பிளக்கோட எர்த்துக்கு கண்டிப்பா கட்டணும், கட்டிட்டேன், ஃபியூசும் போட்டாச்சு.

எர்த்து வந்ததும் லேப்டாப்ல சொருகினா மட்டும் மறுபடி லேசா ஒரு கரகரப்பு. சார்ஜர புடுங்கினா நின்னுடும். லேப்டாப்புக்கும் எர்த்து, ஆம்புக்கும் எர்த்து, நடுவுல ஆடியோ வயர், அது ஒரு வட்டமாயிடுச்சு. எர்த்து பின்ன வெட்டிடுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க, தயவு செஞ்சு யாரும் அத பண்ணாதீங்க, பெட்டில கரண்டு இறங்கினா உயிர் போயிடும். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகினேன், பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சு. மீதிக்கு சிக்னல் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல 10 ஓம் ரெசிஸ்டரும், ஏதாவது கோளாறுன்னா முழு கரண்டையும் தாங்கற மாதிரி அதுக்கு பேரலலா ஒரு 35 ஆம்ப் டயோடு பிரிட்ஜும் போடப் போறேன், இந்த ஞாயித்துக்கிழம வேலை அது தான். ஃபோன்ல இருந்து கேக்கறதுக்கு இப்பவே ஒரு சத்தமும் இல்ல.